திண்ணை நாய்க்கு வீடு பார்ப்பது எப்படி?

பாலக்காட்டு மாவட்டத்து எங்கள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு பக்கம் போனால் வேலந்தாவளம், இன்னொரு பக்கம் போனால் கோபாலபுரம். இரண்டுமே கேரள–தமிழ்நாட்டு எல்லை. நாயைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த எல்லையின் மேல் அசாத்திய நம்பிக்கை. மாநிலம் தாண்டிவிட்டால் நாய்க்கு வழி தெரியாது என்று நினைக்கிறார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்தவர்கள் இங்கே விடுகிறார்கள், இங்கிருப்பவர்கள் பொள்ளாச்சிப் பக்கம் விடுகிறார்கள். அப்படி விடப்பட்டவற்றில் சில என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரும். சில வாரங்களோ சில மாதங்களோ வைத்திருந்து, நிரந்தரமாக ஒரு வீடு பார்த்துக் கொடுப்பேன். ஃபாஸ்டர் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். என் அம்மா இதற்கு வைத்த பெயர் 'வரன் பார்க்கிற வேலை'.

அம்மா சொன்னதில் ஒரு திருத்தம் மட்டும் உண்டு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்பார்கள். நாய் விஷயத்தில் ஒரே ஒரு பொய் போதும், இரண்டாம் வாரமே நாய் திரும்பி வந்துவிடும். இந்த வேலையை முதல்முறையாகச் செய்யப் போகிறவர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரம்: யாரிடமும் சொல்லாதீர்கள்

நாய் வந்த அன்றே படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பத் தோன்றும். வேண்டாம். உங்களுக்கே இன்னும் அந்த நாயைத் தெரியாது. பயந்துபோன நாய் மூலையில் சுருண்டு கிடப்பதைப் பார்த்து, சாது என்று நினைத்துவிடுவோம். பயம் தெளிந்த பத்தாவது நாள்தான் அதன் உண்மையான குணம் தெரியும்.

முதல் வேலை மருத்துவரைப் பார்ப்பது. எங்கள் பக்கம் மிருகாசுபத்திரி என்போம், எல்லை தாண்டினால் கால்நடை மருந்தகம். உடம்பில் கடிக்காயம் இருந்தால் அதை மறைக்காமல் காட்டுங்கள். குட்டியாக இருந்தால் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வார வயது வரை போட வேண்டியிருக்கும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில். குடற்புழு மருந்தும் உண்ணி மருந்தும் தனி. மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியைப் பற்றியும் கேளுங்கள், வயலும் வாய்க்காலும் உள்ள ஊர்களில் அது வீண் செலவு அல்ல. குட்டியின் வயது தெரியாவிட்டால் வாயைத் திறந்து பார்த்து மருத்துவர் சொல்லிவிடுவார். நான்கு மாத வாக்கில் பால்பற்கள் விழத் தொடங்கும், ஏழு மாதத்துக்குள் எல்லாம் முளைத்துவிடும்.

வீட்டில் வேறு நாய் இருந்தால் புதியதை இரண்டு வாரம் தனியாக வையுங்கள். பார்வோ வெளியே தெரிவதற்குச் சில நாட்கள் ஆகும், சிலவற்றுக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். தெரிந்த பிறகு தனிமைப்படுத்திப் பயனில்லை.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடிக்கடி தெருநாய்களைக் கையாளப் போகிறீர்கள் என்றால், கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்கிற வெறிநோய்த் தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். போட்டுக்கொண்டிருந்தாலும், கடியோ நகக்கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. தெரிந்த நாய்தானே என்று இருந்துவிடவும் கூடாது.

பிறகு ஒரு குறிப்பேடு. பள்ளிக்கூட நோட்டு போதும். ஒவ்வொரு நாளும் இரண்டு வரி எழுதுங்கள். சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறதா? தனியாக விட்டால் எவ்வளவு நேரம் கத்துகிறது? கோழியைப் பார்த்தால் என்ன செய்கிறது, ஆட்டுக்குட்டியைப் பார்த்தால் என்ன செய்கிறது? குழந்தைகள் ஓடினால் துரத்துகிறதா? பைக் சத்தம், குடை, துடைப்பம், இவற்றில் எதற்குப் பயம்?

செவலை என்று ஒரு பெண் நாய் என்னிடம் இருந்தது. எல்லா விதத்திலும் தங்கமானது. ஆனால் ஆண்கள் யாராவது வேட்டியை மடித்துக் கட்டினால் உடனே உறுமும், பிறகு கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கும். முன்பு எங்கேயோ அடிக்கக் கையோங்குவதற்கு முன்னால் யாரோ வேட்டியை மடித்திருக்கிறார் என்பது என் ஊகம். பாலக்காட்டு மாவட்டத்தில் ஒரு நாளைக்கு ஐம்பது முறை வேட்டி மடிக்காத ஆண் எங்கே இருக்கிறார்? இந்த ஒரு வரி என் நோட்டில் இல்லாமல் போயிருந்தால் செவலை நான்கு வீடு மாறியிருக்கும்.

கருத்தடையை இந்தக் காலத்திலேயே முடித்துவிடுவது நல்லது. வழக்கமாக ஆறு மாத வயதை ஒட்டிச் செய்வார்கள். நாயைக் கொடுத்த பிறகு அவர்கள் செய்துகொள்வார்கள் என்று நம்பிப் பெண் குட்டிகளைக் கொடுத்து, அடுத்த ஆண்டு அவற்றின் குட்டிகளுக்கும் நானே வீடு தேடியிருக்கிறேன். ஆனால் இரண்டு மாதக் குட்டியை ஆறு மாதம் வரை வைத்திருந்தால் இடம் கிடைப்பது கஷ்டமாகிவிடும். அதனால் குட்டிகளை முன்பே கொடுத்துவிட்டு, கருத்தடைக்கான நாளை நானே குறித்து, அழைத்துப்போகிற பொறுப்பையும் நானே ஏற்றுக்கொள்கிறேன். அலைச்சல்தான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

விளம்பரம்: குறையிலிருந்து தொடங்குங்கள்

புதியவர்கள் எழுதுகிற விளம்பரங்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். 'அழகான, அன்பான, விளையாட்டுத்தனமான குட்டி.' இதைப் படித்தால் ஐம்பது பேர் கூப்பிடுவார்கள், அதில் நாற்பத்தெட்டுப் பேருக்கு இல்லை என்று சொல்லிச் சொல்லி உங்கள் தொண்டை வற்றும். நாயின் குறையைச் சரியாக எழுதினால் அந்தக் குறையே பாதி வேலையைச் செய்துவிடும். செவலைக்கு நான் எழுதியது இது:

'பெண் நாய், வயது இரண்டு இருக்கும். செம்பட்டை நிறம், நடுத்தர உயரம். கருத்தடை, தடுப்பூசி முடிந்தது. வீட்டுக்குள் அசிங்கம் செய்யாது. குழந்தைகளிடம் பொறுமை. கோழி வளர்க்கிற வீட்டுக்கு ஆகாது, பிடித்துவிடும். வேட்டி மடிக்கும் ஆண்களைக் கண்டால் பயம், பழக நாளாகும். இரவில் வெளியே கட்டிப்போட்டால் விடியும்வரை அழும்.'

மூன்றே அழைப்புகள் வந்தன. ஒன்று வேடிக்கைக்குக் கூப்பிட்டது. இன்னொருவர் காவலுக்கு நாய் தேடினார், அவருக்கு ஆகாது என்று அவரே சொல்லிவிட்டார். மூன்றாவது வண்டித்தாவளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். அவரும் வயதான அவருடைய அம்மாவும் மட்டும். 'எங்கள் வீட்டில் வேட்டி கட்டுகிறவரே கிடையாது, கோழியும் கிடையாது' என்றார். அதற்குமேல் என்ன பொருத்தம் பார்க்க?

விளம்பரத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் போடுங்கள். மலையாளத்தில் நாய்க்குப் பட்டி என்றும் சொல்வார்கள். தமிழ்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கேட்டில் 'பட்டியுண்டு' என்ற பலகையைக் கண்டு, ஏதோ மாட்டுப்பட்டி இருக்கிறது என்று உள்ளே நுழைந்துவிடுவதுண்டு. படத்தை நாயின் கண்மட்டத்துக்குக் குனிந்து எடுங்கள். கறுப்பு நாயைக் காலை வெயிலில் எடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு கண் மட்டும்தான் தெரியும். 'இலவசம்' என்ற சொல்லைத் தவிருங்கள். வீட்டு முகவரியை ஒருபோதும் போடாதீர்கள். நான் ஒருமுறை போட்டேன், அந்த வாரமே அட்டைப்பெட்டியில் ஐந்து குட்டிகள் கேட்டுக்கு வெளியே இருந்தன.

நாட்டு நாயைக் கேட்கிறவர் குறைவு, ராஜபாளையம், கோம்பை என்று கேட்கிறவர் நிறைய. உங்களிடம் இருப்பது கலப்பு நாட்டு நாய் என்றால் அப்படியே சொல்லுங்கள். வெள்ளையாக இருக்கிற ஒரே காரணத்துக்காக ராஜபாளையம் என்று சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். சாதி பார்த்து வாங்குகிறவர், அந்தச் சாதி இல்லை என்று தெரிந்த அன்று நாயையும் வேண்டாம் என்பார்.

தொலைபேசியில் கேட்க வேண்டியது

போலீஸ் விசாரணை மாதிரிக் கேட்டால் நல்லவர்களும் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். பேசவிடுங்கள். நான் எல்லோரிடமும் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: 'இதற்கு முன்னால் வளர்த்த நாய் என்ன ஆனது?'

'பன்னிரண்டு வருஷம் இருந்தது, கடைசியில் சிறுநீரகம் போய்விட்டது, அப்புறம் மூன்று வருஷம் வேறு நாய் வேண்டாம் என்று இருந்தோம்' என்று ஒருவர் சொன்னால், மற்றக் கேள்விகளைப் பாதியாகக் குறைத்துக்கொள்வேன். 'ஓடிப்போய்விட்டது' என்றால் எப்படி ஓடியது, தேடினீர்களா என்று கேட்பேன். 'வண்டியில் அடிபட்டது' என்று மூன்று நாய்களுக்கும் அதே பதில் வந்தால், வீடு சாலையோரம் இருக்கிறது, கேட் இல்லை என்று பொருள். குட்டி போன நோய் பார்வோ என்றால் எப்போது என்று கேளுங்கள். அந்தக் கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். அந்த வீட்டுக்குத் தடுப்பூசி முழுதும் முடிந்த பெரிய நாயைக் கொடுக்கலாம், குட்டியைக் கொடுக்கக் கூடாது.

தென்னந்தோப்புக் காவலுக்கு வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் அதிகம் வருகிற கோரிக்கை. நகரத்து நண்பர்கள் இதைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். நான் சுளிப்பதில்லை. தோப்பிலேயே குடும்பம் குடியிருந்து, நாய் அவர்கள் கூடவே சுற்றித் திரிந்தால், அதைவிட நல்ல வாழ்க்கை அடுக்குமாடியில் கிடையாது. ஆனால் தோப்பில் ஆள் இல்லாமல், சாயங்காலம் ஒருமுறை சோறு வைக்க மட்டும் யாரோ வருவார்கள் என்றால் அது வேறு கதை. 'இரவில் எங்கே படுக்கும்? நீங்கள் ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பார்கள்?' என்ற இரண்டு கேள்வியில் இது வெளிப்பட்டுவிடும்.

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிற குடும்பம் குழந்தைக்காகக் குட்டி கேட்பதும் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் இந்த அழைப்புகள் கூடும். குழந்தை திரும்பிப் போன பிறகு நாயோடு இருக்கப் போவது தாத்தாவும் பாட்டியும்தான். ஆகவே அவர்களிடம் பேசுங்கள், நேரில். நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டு இருக்கும் என்பதையும் சொல்லுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது

முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். வீடு சுத்தமாக இருக்கிறதா என்பதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் கட்டுத்தறியைப் பாருங்கள். எங்கள் ஊர்களில் பாதி வீட்டில் மாடு உண்டு. மாட்டுத் தொட்டியில் தண்ணீர் பாசி பிடிக்காமல் இருக்கிறதா, தரை காய்ந்திருக்கிறதா, மூக்கணாங்கயிற்றில் புண் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மாட்டை நடத்துகிற விதத்தில்தான் நாயையும் நடத்துவார்கள். மாடில்லாத வீட்டில் கோழியோ பூனையோ இருக்கும். அதுவும் இல்லையென்றால் பக்கத்து வீட்டாரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள், நாய் வரப்போவது அவர்களுக்கும் தெரிந்திருப்பது நல்லதுதான்.

பிறகு சுற்றுச்சுவர், கேட்டின் அடியில் இருக்கும் இடைவெளி, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. கட்டும் சங்கிலி ஏற்கெனவே ஒரு கொக்கியில் தொங்கினால் அதன் நீளம். நெல்லியாம்பதி, தோணி, வால்பாறை என்று மலையாகவோ மலையடிவாரமாகவோ இருந்தால் இரவில் நாய் வெளியே கட்டிக்கிடக்கவே கூடாது. சிறுத்தைக்கு அது தட்டில் வைத்த சோறு. காட்டுப்பன்றிக்கு அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்த வெடி) வைக்கிற பழக்கம் உள்ள இடங்களில் நாயை அவிழ்த்துவிட்டு வளர்ப்பதும் ஆபத்து, கடித்த நிமிடம் தாடை போய்விடும். இப்படிப்பட்ட இடங்களில் இரவில் உள்ளே படுக்கவைக்கிற வீட்டுக்கு மட்டுமே நான் கொடுக்கிறேன்.

அங்கே ஏற்கெனவே நாய் இருந்தால், இரண்டையும் கேட்டுக்குள் நேருக்கு நேர் நிறுத்தாதீர்கள். இரண்டுக்கும் சொந்தமில்லாத சாலையில் ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு, சற்று இடைவெளி விட்டு, ஒரே திசையில் பதினைந்து நிமிடம் நடங்கள். பிறகு மெல்ல நெருங்கலாம்.

அன்றைக்கே முடிவு சொல்ல வேண்டாம், இரண்டு தரப்பும் ஒரு இரவு தூங்கி எழட்டும்.

இல்லை என்று சொல்வது

இந்த வேலையில் இதுதான் கஷ்டம். முன்பின் தெரியாதவருக்கு மறுப்புச் சொல்லிவிடலாம். தெரிந்தவர், உறவுக்காரர், நாளைக்குக் கல்யாண வீட்டில் முகம் பார்க்க வேண்டியவர், இவர்களிடம் நாக்கு எழாது. மணி என்று ஒரு ஆண் நாய். உறவினர் ஒருவர் கேட்டார். வீட்டைப் பார்த்தபோதே மனம் ஒப்பவில்லை. மோட்டார் அறைக்குப் பக்கத்தில் கம்பம் நட்டு வைத்திருந்தார்கள். 'மாமா, பகலில் அவிழ்த்துவிடுவீர்கள்தானே?' என்று கேட்டேன். 'அதெல்லாம் விடுவோம்' என்றார். தாட்சண்யத்துக்காகக் கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்துப் போனபோது கழுத்துப்பட்டை தோலுக்குள் இறங்கியிருந்தது. எந்த வாக்குவாதமும் செய்யாமல், வேறொருவர் கேட்கிறார் என்று சொல்லி மணியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். புண் ஆற இரண்டு மாதம் ஆனது. அவரைவிட என் மேல்தான் எனக்குக் கோபம். கம்பத்தை முதல் நாளே பார்த்தவன் நான்தானே.

இப்போது ஒரே வாசகத்தைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: 'இந்த நாய் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. பொருந்துகிற நாய் வந்தால் முதலில் உங்களிடம் சொல்கிறேன்.' நாயின் மேல் பழியைப் போட்டுவிட்டால் மனிதருக்கு வருத்தம் குறைவு. ஆனால் சொன்னபடி, பொருந்துகிற நாய் வந்தால் சொல்லவும் வேண்டும். அப்படி மறுத்த ஒருவர் வீட்டில் இப்போது என்னிடமிருந்து போன கிழட்டு நாய் ஒன்று ராஜாவாக இருக்கிறது. அவர் முதலில் கேட்டது துள்ளுகிற குட்டி.

காகிதம்

ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாயின் அடையாளம், போட்ட ஊசிகள், குட்டியாக இருந்தால் கருத்தடை செய்ய வேண்டிய மாதம், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, வளர்க்க முடியாமல் போனால் எந்தக் கேள்வியும் இல்லாமல் என்னிடமே திருப்பித் தரலாம் என்ற வரி. கடைசி வரியைப் படித்துக் காட்டிவிட்டு வாயாலும் சொல்லுங்கள். நீதிமன்றத்துக்குப் போக உதவும் என்று இதை எழுதவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு இருட்டில் எங்கேயாவது விட்டுவிடாமல் இருப்பதற்காகத்தான். நாயைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல்முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. இதை நம்பிக் கொண்டிருக்க முடியுமா?

கேரளக் கிராமப் பஞ்சாயத்து எல்லைக்குள் நாய் வளர்க்க உரிமம் எடுக்க வேண்டும். 1998ஆம் ஆண்டின் பஞ்சாயத்து ராஜ் விதிகள் பன்றிக்கும் நாய்க்கும் சேர்த்தே இதைச் சொல்கின்றன. வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உரிமம் கிடைக்காது, ஆகவே ஊசி அட்டையைப் பத்திரமாகக் கொடுங்கள், படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாய் எல்லை தாண்டிப் போகிறது என்றால் அட்டையும், மருத்துவர் எழுதிய உடல்நலச் சான்றும் வண்டியில் இருக்கட்டும்.

நாய்க்காக நான் பணம் வாங்குவதில்லை. ஆனால் கழுத்துப்பட்டை, வார், தண்ணீர்ப் பாத்திரம் மூன்றையும் அவர்கள் வாங்கி வைத்த பிறகுதான் நாள் குறிப்பேன்.

கொண்டுபோய் விடுகிற நாள்

தீபாவளி வாரம் கூடாது. விஷு வாரம் கூடாது, இங்கே அப்போதும் பட்டாசு உண்டு. நெம்மாறைப் பக்கம் கொடுக்கிறீர்கள் என்றால் நெம்மாறை வல்லங்கி வேலா என்ற கோயில் திருவிழாவின் வெடிக்கட்டு முடியட்டும். புது வீட்டில் வெடிச் சத்தம் கேட்ட நாய் கண்மண் தெரியாமல் ஓடும், எந்த வீட்டை நோக்கி ஓடுவது என்றும் அதற்குத் தெரியாது.

காலையில் கொண்டுபோங்கள், நீங்களே கொண்டுபோங்கள். அது படுத்த பழைய போர்வையைத் துவைக்காமல் கொடுங்கள். ஒரு வாரத்துக்கு நீங்கள் போட்ட சாப்பாட்டையே போடச் சொல்லுங்கள். பழகிய சொற்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். தமிழில் 'வா' என்று பழகிய நாய்க்கு மலையாளத்து 'வா'வும் புரியும், அங்கே சிக்கல் இல்லை. 'உட்கார்' என்று கேட்டுப் பழகிய நாயிடம் 'இரி' என்றால் விழிக்கும். கொஞ்ச நாள் இரண்டையும் சேர்த்துச் சொன்னால் போதும். முதல் பத்து நாள் கேட்டுக்கு வெளியே வார் இல்லாமல் விடவே கூடாது என்பதை மூன்று முறை சொல்லுங்கள். இரண்டு முறை சொன்னதற்கு மூன்றாம் நாள் ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு நான் வாய்க்கால் கரையெல்லாம் தேடியிருக்கிறேன்.

மூன்றாம் நாள், மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம். இந்தக் கணக்கில் விசாரியுங்கள். முதல் மூன்று நாள் சாப்பிடாது, ஒளிந்துகொள்ளும், அதைக் கேட்டுப் பதறவேண்டாம். மூன்றாம் வாரத்தில் குறும்பு தொடங்கும், செருப்பு போகும், புகார் வரும், திருப்பித் தரலாமா என்ற யோசனை வருவதும் இப்போதுதான். பொறுமையாகக் கேளுங்கள், என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். அப்படியும் முடியாது என்றால் அன்றைக்கே போய் அழைத்து வாருங்கள், ஒரு சொல் கடிந்து பேசாதீர்கள்.

மூன்றாம் மாதம் நேரில் போக வேண்டும். செவலையைப் பார்க்கப் போனேன். கேட்டில் என்னைக் கண்டு நன்றாகக் குரைத்தது, அப்புறம்தான் வாலை ஆட்டியது. வேட்டிப் பயம் போகவில்லை. தேங்காய் பறிக்க வருகிறவர் வேட்டியை மடித்தால் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் போகிறதாம். ஆசிரியை அதற்கு ஒரு வழி செய்திருக்கிறார். 'கேட்டுக்கு வெளியிலேயே மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வாருங்கள்' என்று அவருக்கு உத்தரவாம். அவரும் அப்படியே செய்கிறாராம்.

நாய் போன மறுநாள் திண்ணையை முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்து, பிறகு பிளீச்சிங் கரைசலில் கழுவி, வெயிலில் காயவிடுங்கள். பழைய பாத்திரத்தையும் அப்படியே. குறிப்பேட்டில் புதுப் பக்கம் திருப்பி வையுங்கள். கொஞ்ச நாள் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் இருந்து பார்க்கலாம், ஆனால் வேலந்தாவளத்து டீக்கடைக்காரருக்கு என் எண் மனப்பாடம்.